நங்கூரம் போட்ட துளை

பயப்படுவதில் எனக்கு ஊரில் நல்ல பெயர் உண்டு. சுனாமி அலை அடித்த காலையில் நான் எதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன் என்று கேட்டால், எங்கள் ஒழுங்கையில் மிஞ்சியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்: சோற்றுப்பானையின் மூடி. பானை அல்ல, மூடி மட்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த மணல் துண்டு எங்கள் இடம். கடலுக்குப் பயந்து ஓடினால் வாவிதான் வரும். அந்த இரண்டு தண்ணீருக்கும் நடுவே, மூடியைக் கேடயம்போலப் பிடித்துக்கொண்டு, மனைவியையும் முந்தி ஓடியவன் நான். அவள் அதை மறந்துவிட்டதாகச் சொல்கிறாள். மறக்கவில்லை.

வீடு போனது. வளவின் எல்லைக் கற்கள் போயின. கிணறு மட்டும் நின்றது. சுற்றியிருந்த மணலை அலை வாரிக்கொண்டு போய்விட்டதால், நிலத்துக்குள் இருக்கவேண்டிய கிணறு ஆள் உயரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அளக்க வந்தவர் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கிருந்து தொடங்குவது என்று என்னைக் கேட்டார். நான் கிணற்றைக் காட்டினேன். அவர் அதை நம்பாத மாதிரிப் பார்த்தார். எனக்கும் நம்பிக்கை இல்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் "கடல் வருது" என்று கத்தி ஒழுங்கை முழுவதையும் மூன்று தடவை ஓடவைத்தேன். மூன்றாவது தடவை கேட்ட இரைச்சல், தண்ணீர் கொண்டுவந்த பவுசர் லொறி ஒன்று பின்னுக்கு வந்து திரும்பியதால் வந்தது. அன்றிலிருந்து நான் தும்மினாலும் ஆட்கள், "என்ன, வருதா?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

நிவாரணத்துக்கு வந்த ஒரு நிறுவனம் நகரத்தின் ஓரத்தில் இரும்புப் பட்டறை ஒன்றைப் போட்டது. கதவுக் கீல், படகுக்கு வேண்டிய பொருத்துகள், குழாய்க் கிணற்றுக் கைபிடி என்று சில்லறை வேலைகள். அதுவரை காகிதத்தில் வீட்டுப் படம் கீறிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, கணினிக்கு முன்னால் இருத்தி, ஆறு கிழமை பழக்கினார்கள்.

அந்த மென்பொருளில் ஒரு சதுரம் கீறினால் அது சதுரம் அல்ல. நான்கு நீலக் கோடுகள் தற்செயலாக அப்படி நிற்கின்றன, அவ்வளவுதான். ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் முழுவதும் நெளிந்துகொண்டு கூடவே வரும். இந்தக் கோடு கிடை, இது அதற்குச் சமாந்தரம், இதன் நீளம் இவ்வளவு, இந்த வட்டத்தின் மையம் அந்த ஓரத்திலிருந்து இவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கட்டவேண்டும். கட்டக் கட்ட நீலம் கறுப்பாகும். எல்லாம் கறுத்த பிறகு எதை இழுத்தாலும் அசையாது. ஒரு கோடாவது நீலமாக இருந்தால் படம் பட்டறைக்குப் போகக் கூடாது என்பது அங்கே சட்டம்.

முதல் நாள், ஒரு மூலையை இழுத்தபோது முழு உருவமும் சரிந்து திரையின் ஒரு பக்கமாகப் பாய்ந்தது. நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து வாசல்வரைக்கும் போய்விட்டேன். பழக்க வந்தவர், தேநீர் குடிக்கவா என்று கேட்டார். ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது?

இரண்டாம் கிழமைதான் நங்கூரம் கண்ணில் பட்டது. சின்ன நங்கூரப் படம் போட்ட ஒரு பொத்தான். எதைத் தொட்டுவிட்டு அதை அமுக்கினாலும், அது நிற்கிற இடத்திலேயே நின்றுவிடும். எதோடு என்ன உறவு, எவ்வளவு தூரம் என்ற விசாரணை ஒன்றும் இல்லை. உடனே கறுப்பு. மிகவும் தேவைப்பட்டால் மட்டும் பாவியுங்கள் என்று சொல்லித் தந்தார்கள். எனக்கு எல்லாமே மிகவும் தேவைப்பட்டது. மற்றவன் அரை மணித்தியாலம் மினக்கெடும் படத்தை நான் ஐந்து நிமிடத்தில் கறுக்கவைத்தேன். சோம்பல் என்றால் அதில் பாதி உண்மை. மற்றப் பாதி, ஒரு பொருள் நான் வைத்த இடத்தில் நிற்பதைப் பார்ப்பதில் இருந்த சுகம். அதற்காகவே நாளைக்குப் பத்துத் தரம் நங்கூரம் போட்டேன்.

பட்டறையின் தலைமை ஆள் ஒரு பறங்கியர், பழைய போர்த்துக்கேய வழி வந்தவர். எல்லோருக்கும் அவர் பாஸ். முகத்துவாரப் பக்கம் கடற்கரையோடு குடியிருந்தவர். அலை அவருடைய மனைவியைக் கொண்டுபோனது. அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. என் மூடிக் கதைக்குச் சிரிக்காத ஒரே ஆளும் அவர்தான்.

அலை வந்து மூன்றாம் வருடம், வாவியின் தெற்கே ஒரு துறையில் ஓடிய பாதைக்கு வேலை வந்தது. பாதை என்று நாங்கள் சொல்வது, பாலம் இல்லாத இடத்தில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற இரும்பு மிதவையை. மேற்கே வயலும் குளமுமான படுவான்கரையையும் கிழக்கே எழுவான்கரையையும் அப்படிப் பல பாதைகள் தொடுத்து வைத்திருந்தன. இந்தப் பாதையில், கரையில் இறக்கி வாகனம் ஏற்றுகிற இரும்புப் பலகை இற்றுப்போயிருந்தது. புதுப் பலகையைத் தாங்க நான்கு தகடுகள் வேண்டும். தகட்டின் மேல்பக்கத்தைப் பாதையின் விளிம்பில் உருக்கி ஒட்டுவார்கள். கீழ்ப்பக்கத்தில் ஒரு துளை, துளைக்குள் ஒரு முளை, முளையில் தொங்கும் பலகை. துளைக்குக் கீழே எவ்வளவு இரும்பு மிஞ்சியிருக்கிறதோ, அதுதான் பலகையையும் அதில் ஏறுகிற எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது.

துளையின் மையம் கீழ் ஓரத்திலிருந்து ஐம்பது மில்லிமீற்றர் என்று நான் கட்டியிருக்கவேண்டும். கட்டவில்லை. சரியான இடத்தில் துளையை வைத்தேன், நங்கூரத்தை அமுக்கினேன். கறுப்பு.

துறையில் அளந்து பார்த்துவிட்டு பாஸ் தொலைபேசியில் சொன்னார்: "தம்பி, தகடு நீளம். அடியில தட்டும். இருபத்தஞ்சு மில்லி குறை."

நீளத்தை மாற்றினேன். கீழ் ஓரம் சொன்னபடி மேலே வந்தது. துளை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. ஓரம் நகர்ந்தால் நீயும் சேர்ந்து நகரவேண்டும் என்று அதற்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவன் நான். திரையில் எல்லாம் கறுப்பு. அச்செடுத்த தாளிலும் துளையின் தூரத்தை மேல் ஓரத்திலிருந்து எழுதியிருந்தேன். கீழே எவ்வளவு மிஞ்சியது என்று அதில் ஓர் எழுத்தும் இல்லை.

பாஸ் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, கீழ ஓரம் காணுமா? இவ்வளவு போதுமா?"

"பாஸ், எல்லாம் கறுப்பெண்டு கணினியே சொல்லுது. அதுக்கு மேல நீங்களும் நானும் ஆர்?"

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு தகட்டை வெட்டத் தொடங்கினார். அந்தப் பதிலை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

தகடுகள் ஒட்டுப்பட்டு, பலகை தொங்கி, பாதை ஓடத் தொடங்கி இரண்டு கிழமை இருக்கும். நகரத்து இராணுவ முகாம்களிலிருந்து எறிகணைகள் வாவிக்கு மேலாலே, இயக்கத்தின் கையில் இருந்த மேற்குக் கரைக்குப் போகத் தொடங்கின. முதலில் அடி. பிறகு தலைக்கு மேல் காற்றை யாரோ துணிபோலக் கிழித்துக்கொண்டு போகிற சத்தம். பிறகு ஒன்றும் இல்லாத ஒரு சின்ன நேரம். அந்த நேரம்தான் எனக்குக் கூடாது. பிறகு அக்கரையில் இருந்து வரும் முழக்கம். பட்டறையின் தகரச் சுவர் ஒவ்வொரு முறையும் நடுங்கும். நான் ஒவ்வொரு முறையும் மேசைக்குக் கீழே போய் வந்தேன். கடைசியில் விசைப்பலகையையும் கீழே இறக்கி வைத்துக்கொண்டேன், போய் வருகிற நேரமாவது மிச்சமாகட்டும் என்று.

அக்கரையில் உன்னிச்சைப் பக்கத்துச் சனம் வடக்கே வவுணதீவு வழியாக நடந்து வந்துகொண்டிருந்தது. தெற்கே உள்ளவர்கள் பாதையால் கடந்தார்கள். என் மனைவியின் அண்ணன் மண்டூருக்கு அப்பால் வயல்வட்டையோடு குடியிருந்தான். என்னைவிட ஒரு வயது மூப்பு, ஆனால் வா போ என்றுதான் எங்கள் பேச்சு. அவனிடம் இருந்த பெரிய சொத்து ஓர் உழவு மிசின், பின்னால் பெட்டி பூட்டியது. அந்தப் பக்கம் தொலைபேசி எடுக்காது. யார் என்ன ஆனார்கள் என்று கடந்து வருகிறவர்கள் சொன்னால்தான் உண்டு.

ஒரு முற்பகல், பாதையின் மறுபக்கப் பலகைக்கும் தகடு வேண்டும் என்று பாஸ் சொன்னார். பழைய படத்தைத் திறந்தேன். இந்தப் பக்கத்துக்கு நீளம் கொஞ்சம் கூட வேண்டும். எண்ணை மாற்றினேன். தகடு நீண்டது. துளை அசையவில்லை.

சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணைத் திரும்பப் பழையபடி குறைத்தேன். ஓரம் மேலே வந்து துளைக்குப் பக்கத்தில் நின்றது. அளக்கிற பொத்தானை அமுக்கினேன். துளையின் அடிக்கும் தகட்டின் ஓரத்துக்கும் நடுவே ஒன்பது மில்லிமீற்றர். முப்பத்துநான்கு இருக்கவேண்டிய இடத்தில்.

திரையை அணைத்தேன், அணைத்தால் தகடு தடித்துவிடும் என்பதுபோல. அந்த நேரம் பார்த்து மனைவி தொலைபேசி எடுத்தாள்.

"இஞ்ச கேளுங்க, அண்ணா ஆக்கள் வெளிக்கிட்டாங்களாம். மிசினோட வாறாங்களாம், பெட்டி நிறைய ஆக்களாம். கடந்து வந்த ஒரு மனிசி சொன்னா. பாதையாலதான் வருவாங்க."

"எப்ப?"

"இண்டைக்கு. என்ன குரல் ஒரு மாதிரி? திரும்பவும் கடல் வருதா?"

பாஸிடம் போய் எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அழுதேன் என்று அவர் சொல்லக்கூடும். ஆனால் அவர் அப்படியானவற்றைச் சொல்கிறவர் அல்ல. ஒன்பது என்ற சொல்லைக் கேட்டதும் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். நான் படத்தைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஏறினேன்.

வழியில் சோதனைச் சாவடி. ஒரு சிப்பாய் என் கையிலிருந்த சுருளை விரித்துப் பார்த்தான். தகடு, துளை, அம்புக்குறிகள், எண்கள்.

"இது என்ன?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான்.

"ஓட்டை," என்றேன்.

"என்ன ஓட்டை?"

"பிழையான ஓட்டை."

துவக்கு என் பக்கம் கொஞ்சம் திரும்பியது. பாஸ் சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னார். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பரிதாபப்பட்டவன்போலப் போகச் சொன்னான். கொஞ்சத் தூரம் போன பிறகு பாஸ், "மறுகா நீ வாயத் துறக்காத," என்றார். நான் தலையாட்டினேன். பின்னால் இருந்து தலையாட்டினால் அவருக்கு எப்படித் தெரியும் என்பது பிறகுதான் மண்டையில் ஓடியது.

துறையில் வாவி எண்ணெய் வார்த்ததுபோல அசையாமல் கிடந்தது. பறவை ஒன்றையும் காணவில்லை. பாதை அப்போதுதான் ஒரு தொகைச் சனத்தை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்ப இருந்தது. இந்தக் கரையில் இறங்குவது பழைய பலகையில். எங்கள் தகடுகள் அக்கரைப் பக்கம். பாதைக்காரரிடம் சொல்லி நாங்களும் ஏறினோம். போகும்போது பாஸ் முன்விளிம்பில் குப்புறப் படுத்து, தலையை வெளியே நீட்டி, விரலால் துளைக்குக் கீழே தடவிப் பார்த்தார். நான்கு தகட்டையும் தடவினார். எழும்பி, விரலில் ஒட்டியிருந்த துருவைக் காற்சட்டையில் துடைத்தார்.

"சனம் தாங்கும்," என்றார். "மிசின் எனக்குத் தெரியா."

அக்கரையில் நின்ற கூட்டம் கிட்ட வரவரப் பெரிதானது. மூட்டைகள், ஆடுகள், சைக்கிளில் கட்டிய பாய்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் மச்சானின் மிசின், இயந்திரம் நிறுத்தாமல். பெட்டியில் நெல் மூட்டைகளுக்கு மேலே அவன் மனைவியும் பிள்ளைகளும் அயலவர்களும் நெருக்கியடித்து இருந்தார்கள். பலகை கரையில் விழுந்த சத்தத்துக்கு என் உடம்பு தூக்கிப்போட்டது. மச்சான் அதைப் பார்த்துவிட்டான்.

"என்னடா மச்சான், கடல் வாவிக்குள்ளயும் வந்திட்டா?"

பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டு நாள் பதுங்குகுழியில் இருந்து வந்த சனம். அதிலும் சிரித்தார்கள்.

"மச்சான், மிசின ஏத்தாத. தகடு பிழை. நான் கீறினதுல பிழை விட்டுட்டன். பலகை பிஞ்சிரும்."

"நீ கீறினதுல எது சரி? தள்ளி நில்லு."

"ஆக்கள இறக்கு. ஆக்கள் நடந்து ஏறட்டும். மிசின் பிறகு."

"பிறகெண்டா எப்ப? உங்கிட்ட ஆரும் நேரம் சொல்லிப்போட்டா அடிக்கிறாங்க?" பாஸின் பக்கம் திரும்பினான். "நீங்க பெரியாள், நீங்க சொல்லுங்க. இவன் பவுசர் சத்தத்துக்கு ஊரையே ஓடவச்சவன்."

பாஸ் சின்ன விரலின் நகத்தைக் காட்டினார். "இவ்வளவுதான் இரும்பு கிடக்கு."

"அது காணாதா?"

"காணுமெண்டும் சொல்லமாட்டன். காணாதெண்டும் சொல்லமாட்டன்."

"அப்ப காணும்," என்று மச்சான் கியரைப் போட்டான்.

தலைக்கு மேல் அந்தத் துணி கிழிகிற சத்தம். பிறகு அந்தச் சின்ன நேரம். சனம் முழுவதும் நிலத்தில் குந்தியது. முழக்கம் எங்களுக்குத் தெற்கே, முன்னையதைவிடக் கிட்ட. மிசின் இரண்டு அடி முன்னே வந்து, முன்சில்லு பலகையில் தொட்டது.

நான் பலகையில் படுத்தேன். வீரம் என்று யாரும் நினைக்கவேண்டாம். கால் நடுக்கத்தில் நிற்க முடியவில்லை. ஓடவும் இடமில்லை. மிஞ்சியது படுப்பதுதான். சில்லுக்கும் என் விலாவுக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். இரும்பு முதுகைச் சுட்டது.

"எழும்புடா விசரா!"

"மாட்டன்."

"ஏத்துவன்!"

"ஏத்து. என்ர பாரத்தோட சேத்து ஏத்து."

பின்னால் நின்றவர்கள் கத்தத் தொடங்கினார்கள். நியாயம்தான். நான் படுத்துக்கிடந்த ஒவ்வொரு கணமும் அவர்களுடையது. யாரோ என் காலைப் பிடித்து இழுத்தார்கள். அப்போது பெட்டியில் இருந்து மச்சானின் மனைவி பேசினாள். எனக்கு அவள் அக்கா முறை. சத்தமாகப் பேசுகிறவள் அல்ல.

"தம்பி பயந்தவர்தான்," என்றாள். "ஆரு இல்லையெண்டது? அந்தப் பயந்த மனிசன் அங்கால இருந்து இஞ்சால வந்திருக்கிறார். இறங்குங்க எல்லாரும்."

அவள் முதலில் இறங்கினாள். பிள்ளைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். பிறகு மற்றவர்களும் இறங்கினார்கள். மச்சான் இயந்திரத்தை நிறுத்தவும் இல்லை, அவளைப் பார்க்கவும் இல்லை. மிசினைப் பின்னுக்கு எடுத்தான். சனம் நடந்து ஏறியது. காலடிகளுக்குப் பலகை துள்ளிய ஒவ்வொரு தடவையும் நான் நான்கு தகட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீயும் வா," என்றேன் மச்சானிடம்.

"மிசின விட்டுட்டா? அடுத்த பாதைக்கு வாறன். அதுக்குள்ள உன்ர ஓட்டைய அடைச்சு வை."

பாஸின் திட்டமும் அதுதான். இக்கரைக்கு வந்ததும் ஒட்டுகிற இயந்திரத்தை எடுப்பித்து, தகடுகளுக்குக் குறுக்கே இன்னொரு இரும்பை ஒட்டிவிட்டு, மச்சானை ஏற்றுவது. ஆனால் நாங்கள் கரை சேர்ந்தபோது அங்கே சிப்பாய்கள் நின்றார்கள். பாதை இனி ஓடாது, கட்டு என்றார்கள். கட்டினார்கள். அக்கரையில் மிசின் ஒரு சிவப்புப் புள்ளியாக நின்றது. அக்கா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் பாஸ் முளைகளைத் தட்டிக் கழற்றி, நான்கு தகட்டையும் அறுத்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஒன்றிலும் வெடிப்பு இல்லை. துளை ஒரு மயிரளவும் நீளவில்லை. "அண்டைக்கே கேட்டனான்," என்றார், அவ்வளவுதான். பிறகு போய்ப் புதுத் தகடு வெட்டத் தொடங்கினார். அந்தப் படத்தை நான் நங்கூரம் இல்லாமல் முதலிலிருந்து கட்டினேன். ஓரத்திலிருந்து துளைக்கு ஐம்பது. எழுதும்போது இரண்டு தரம் ஐந்நூறு என்று விழுந்தது.

வீட்டில் அக்காவும் பிள்ளைகளும் எங்களோடு. மேற்கே ஒவ்வொரு முழக்கத்துக்கும் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். மனைவி ஒரு தடவை மட்டும் கேட்டாள்: "ஏத்த விட்டிருந்தா உடைஞ்சிருக்குமா?" தெரியாது என்றேன். அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். என் வாழ்நாளில் ஒரு பயம் மெய்யாக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அப்போதுதான். அந்தத் தகடுகளை ஒவ்வொரு நாளும் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கீறல் வெடிப்பாவது இருக்குமா என்று தேடினேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் மச்சான் வந்தான். வயலுக்குள்ளாலும் பற்றைக்குள்ளாலும் வடக்கே நடந்து, வவுணதீவுப் பக்கமாக வெளியேறி வந்திருந்தான். செருப்பு இல்லை. மிசின் அக்கரையிலேயே. தோளில் அதன் பற்றரி மட்டும். அந்தப் பாரத்தை அவ்வளவு தூரமும் சுமந்திருக்கிறான். அமிலம் கசிந்து சட்டை தோளில் ஓட்டையாகியிருந்தது. அக்கா வாசலில் அப்படியே இருந்துவிட்டாள். அவன் பற்றரியை இறக்காமல் என்னைத்தான் கேட்டான்.

"தகடு உடைஞ்சதா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"இல்ல மச்சான். ஒண்டும் ஆகல்ல."

அவன் பற்றரியை நிலத்தில் வைத்தான். உள்ளே போய்ப் பாயில் விழுந்தவன் அடுத்த நாள் மத்தியானம்வரை எழும்பவில்லை. எழும்பியும் என்னோடு பேசவில்லை. பிள்ளைகள் மூலமாகத் தண்ணீர் கேட்டான்.

இன்னும் இரண்டு நாள் போயிருக்கும், பட்டறைக்கு வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றான்.

"காட்டு."

பழைய படத்தைத் திறந்தேன். இது தகடு, இது துளை, இது நீளம் என்றேன். எண்ணைக் குறைத்தேன். ஓரம் மேலே வந்தது, துளை நின்றது.

"இன்னொருக்கா."

காட்டினேன்.

"இன்னும் குறை."

ஒன்பது ஐந்தானது. ஐந்து இரண்டானது. அவன் மூச்சு என் பிடரியில் பட்டது. மேலும் குறைத்தேன். ஓரம் துளைக்குள் ஏறி, தகடு கீழ்ப்பக்கமாக வாய் பிளந்தது. திரையில் ஓர் எச்சரிக்கையும் வரவில்லை. மச்சான் அந்தப் பிளவைத் திரையில் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"எண்டாலும் நான் ஏத்தித்தான் இருப்பன்," என்றான்.

"தெரியும். அதாலதான் படுத்தனான்."

அவன் சிரிக்கவில்லை. நானும் அதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை. கதிரையின் முதுகிலிருந்து கையை எடுத்தான்.

"சரி, மூடு. அங்கால போய் மிசினப் பாக்க எப்ப விடுவாங்களெண்டு விதானையாரிட்டக் கேட்டிட்டு வருவம். எழும்பு."